மூன்று இஞ்ச் மழை

நான் சண்டைக்காரன் இல்லை. போன வருஷம் குத்துக்கல்வலசையில் என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் வீடு கட்டினார்கள். ஒருவர் மணலை என் வாசலில் கொட்டிவைத்தார். இன்னொருவர் என் குழாயிலிருந்தே சிமெண்டுக்குத் தண்ணீர் பிடித்தார். இருவரிடமும் நான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பால் காய்ப்புக்கு அழைத்தார்கள். போய்ச் சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டு வந்தேன். தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள், மகாதேவன் தங்கமான மனிதர் என்றுதான் சொல்வார்கள்.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் என்னிடம் கேட்டது ஒரு சின்ன விளக்கம்தான். வேல்விழி உங்களிடம் "நான்தான் எங்க அப்பாவக் கொன்னேன், ப்ரொசீஜரை எழுதுனது நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள், அதற்கு மேல் எதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை, கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கும் விளங்குகிற மாதிரி நீங்கள் எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். எதையும் முதலிலிருந்து சொல்வது என் வழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குற்றாலத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் தனியார் தோட்டங்கள் சில இருக்கின்றன. விடுதி, அதற்குள்ளேயே ஒரு சின்ன அருவி, குளிக்க ஒரு தடாகம். மலை உச்சியில் மழை பெய்தால், கீழே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். இது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மதுரையிலிருந்து காரில் வந்து இறங்குகிறவர்களுக்குத் தெரியாது. அதனால் அப்படிப்பட்ட ஒரு விடுதிக்கு எங்கள் நிறுவனம் எச்சரிக்கை ஏற்பாடு ஒன்று செய்து கொடுத்தது. மலையில் ஐந்து இடங்களில் மழையை அளக்கிறோம். அந்த அளவு தென்காசியில் எங்கள் அலுவலகத்து டேட்டாபேஸில் வந்து சேரும். ஐந்து இடத்துக்கும் ஐந்து அட்டவணை. ஓர் அட்டவணையில் புதிய வரி விழுந்த உடனே, யாரும் தொடாமல் தானாக ஓடுகிற கட்டளைக்கு ட்ரிகர் என்று பெயர். ஒரு மணி நேர மழை ஐம்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் ட்ரிகர் அதைப் பார்த்துவிடும், அருவிக் கரையில் சைரன் ஊதும். அவ்வளவுதான்.

இந்தக் கட்டளைகளை இரண்டு விதமாக எழுதலாம். ஒவ்வொரு ட்ரிகருக்கு உள்ளேயும் முழுவதையும் எழுதிவிடுவது ஒரு விதம். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் ஓரிடத்தில் ஸ்டோர்டு ப்ரொசீஜர் என்று எழுதி, ஒரு பெயர் வைத்து, ஐந்து ட்ரிகரும் அதைக் கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்று விடுவது இன்னொரு விதம். கல்யாண வீட்டில் ஐந்து பந்திக்கு ஐந்து அடுப்பு மூட்டுவதா, ஒரே சமையல்கட்டிலிருந்து பரிமாறுவதா என்பது போலத்தான். ஒரே சமையல்கட்டு என்றால் வேலை மிச்சம், பந்திக்குப் பந்தி ருசி மாறாது. ஆனால் உப்பு கூடினால் ஐந்து பந்திக்கும் கூடும். எது சரி என்று எங்கள் தொழிலில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அதற்காக யாரும் செத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஐந்து இடங்களில் நான்கில் தானாக அளக்கும் கருவிகள் இருக்கின்றன. ஐந்தாவது இடம் உச்சியில் இருக்கிற கிராம்புத் தோட்டம். அங்கே கருவி வைத்தால் ஒரு மழைக்குக்கூட நிற்பதில்லை. தோட்டத்து மேற்பார்வையாளர் குத்தாலிங்கம்தான் கண்ணாடிக் குடுவையில் அளந்து, போனில் எண்ணைத் தட்டி அனுப்புவார். தோட்டக்காரர்களுக்கு மழை என்றால் இஞ்ச். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அப்படித்தான். மில்லிமீட்டரில் சொல்லுங்கள் என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "அது மாத்திரை மருந்துக்குல்லா அண்ணாச்சி, மழைக்கு எதுக்கு?" என்றார். ஓர் இஞ்ச் என்பது இருபத்தைந்து மில்லிமீட்டர், சொச்சம். ஆகவே ஐந்தாவது ட்ரிகரில் மட்டும், வருகிற எண்ணை 25.4 ஆல் பெருக்குவதற்கு ஒரு வரி சேர்த்திருந்தேன். எதற்காக என்று பக்கத்தில் குறிப்பு எழுதவில்லை. எனக்குத் தெரியும், போதாதா?

வேல்விழியை நிறுவனத்தில் சேர்த்துவிட்டது நான். சென்னையில் நல்ல வேலையில் இருந்தவள், அப்பா அம்மாவோடு இருக்க வேண்டும் என்று கீழப்பாவூருக்கே திரும்பி வந்தாள். முதலாளி விஜயசங்கரிடம் நான்தான் சொன்னேன். அவள் அப்பா சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அதே விடுதியில் அருவிக் கரைக் காவல் அவருக்கு. கழுத்தில் விசிலும் கையில் பிரம்புமாக நிற்பார். அந்தப் பிரம்பை யார் மேலும் ஓங்கி நான் பார்த்ததில்லை.

என் மனைவி உமாதேவி இறந்த பிறகு எனக்கென்று இருந்தது அண்ணாச்சியின் வீடு ஒன்றுதான். அண்ணாச்சிக்கு வார விடுப்பு புதன்கிழமை. புதன்கிழமை மதியம் அங்கே எனக்கு இலை விழும். அவர்களுக்குக் கறிக்குழம்பு, சைவமான எனக்குத் தனிச் சட்டியில் தேங்காய்ப்பால் சொதி. எங்கள் வீட்டுச் சொதியை உமாதேவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார் வேல்விழியின் அம்மா தங்கத்தாய் மதினி. உமாதேவி போன பிறகும் அதே ருசி எனக்கு அந்த வீட்டில் கிடைத்தது. சாப்பிட்டுவிட்டு அண்ணாச்சியும் நானும் ஆளுக்கொரு பாயில் படுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் கிடப்போம். பேசாமல் கிடக்க ஓர் ஆள் கிடைப்பது பெரிய கொடுப்பினை, மேடம்.

வேல்விழி சேர்ந்த சில மாதங்களில் என் ட்ரிகர்களைப் படித்தாள். சைரன் ஊதும் எல்லை முன்பு அறுபதாக இருந்தது, பிறகு ஐம்பதாகக் குறைத்தோம். நான்கு இடத்தில் மாற்றிய நான் ஓர் இடத்தில் மறந்துவிட்டிருந்தேன். அவள் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் சொன்னாள்.

"ஒரே கட்டளைய அஞ்சு எடத்துல எழுதி வச்சிருக்கு சார். இப்படி ஒண்ணுல மறந்துட்டோம்னா ஆளுல்லா போயிரும். ஒரே ப்ரொசீஜரா ஆக்கிட்டா ஒரு எடத்துல மாத்துனாப் போதும்."

விஜயசங்கர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணாச்சி அம்மியில அரைக்கிற ஆளுல்லா. மிக்சி வாங்கிக் குடுத்தா அதையும் கையால சுத்துவாரு." எல்லோரும் சிரித்தார்கள். வேல்விழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். வேல்விழி மாற்றி எழுதட்டும், நான் பார்த்துச் சரி என்றால் ஏற்றிவிடுவோம் என்று முடிவாயிற்று.

அவள் எழுதினாள். ஒரே பக்கம். என் ஐந்து பக்கக் குப்பையும் அந்த ஒரு பக்கத்துக்குள் பெட்டியில் மடித்துவைத்த புடவை மாதிரி அடங்கிவிட்டது. அதில் அந்தப் பெருக்கல் வரி இல்லை. நான் பார்த்தேன். சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. சொல்லவில்லை என்று எழுதினேன், அது முழுக்கச் சரியில்லை. அவள் என்னிடம் கேட்டாள்.

"சார், அஞ்சாவதுல மட்டும் 25.4-ன்னு ஒரு பெருக்கல் கெடக்கு. இஞ்ச் கணக்குதானே? குத்தாலிங்கம் அண்ணாச்சி இஞ்ச்லயா அனுப்புதாரு?"

எவ்வளவு சரியான கேள்வி, பாருங்கள். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"முன்ன அனுப்புனாருமா. இப்ப அவரும் மில்லிமீட்டருக்கு வந்துட்டாரு. அத எடுத்துரு."

"எடுத்துரட்டா சார்? அவருக்கு ஒரு போன் போட்டுக் கேக்கட்டா?"

"நான் தெனம் பேசுதவன்லா. எடுத்துரு."

எடுத்துவிட்டாள். பிறகு சோதித்துப் பார்ப்பது என் பொறுப்பு. ஐந்து அட்டவணையிலும் அறுபது என்று போட்டுப் பார்த்தேன். ஐந்து முறையும் சைரன் ஊதியது. கிராம்புத் தோட்டத்தில் ஒரு மணி நேரத்தில் அறுபது இஞ்ச் பெய்தால் தென்காசியே இருக்காது என்பது எனக்குத் தெரியும். சரி என்று கையெழுத்திட்டேன். விஜயசங்கர் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

நான் அவளுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் நினைத்தது இவ்வளவுதான். ஒரு நாள் மலையில் மழை பெய்யும். நான்கு மழைமானிகள் சைரனை ஊதிவிடும், ஐந்தாவது ஊதாது. மறுநாள் விஜயசங்கர் முன்னால் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு நான் மெதுவாகச் சொல்வேன், ஒரே சமையல்கட்டு என்றால் இப்படித்தான் அம்மா, ஓர் இலைக்கு மட்டும் பத்தியச் சாப்பாடு என்பது மறந்துபோகும். நீங்கள்தானே எடுக்கச் சொன்னீர்கள் என்று அவள் கேட்டால், எனக்கு ஞாபகமில்லையே அம்மா என்று சொல்லியிருப்பேன். அவள் முகம் சுருங்கும். "அய்யோ சார்" என்பாள். அந்த ஓர் "அய்யோ சார்" போதும் எனக்கு. அடுத்த புதன்கிழமை எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம்.

ஐப்பசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் என் முறை. காலையில் பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். சீருடையில் இருந்தார். எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"கூட்டம் அள்ளும் தம்பி இன்னைக்கு. மேல கருக்கல் கெட்டி நிக்கி. ஆனா பயமில்ல, எம்மவ சைரன் இருக்குல்லா. வாரவன் போறவன்ட்ட எல்லாம் சொல்லுதேன், ஏலே இது எம்மவ செஞ்சதுன்னு."

அந்த சைரனை நான் எழுதினேன், மேடம். கம்பம் நட்ட அன்று அவர் பக்கத்தில்தான் நான் நின்றேன். முதல் முறை ஊதியபோது காதைப் பொத்திக்கொண்டு, "ராணுவத்துல கூட இப்படி ஊதல தம்பி" என்றவர் அவர்தான். மகள் மாற்றியது ஒரு பக்கம். இதையெல்லாம் அவரிடம் நான் சொல்லவில்லை. "ஆமா அண்ணாச்சி" என்றேன். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை அவர்.

மதியத்துக்குப் பிறகு குத்தாலிங்கம் கூப்பிட்டார். குரலுக்கு மேலே மழைச் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, பேயா ஊத்துது. ஒரு மணி நேரத்துல மூணு இஞ்ச். ஏத்திட்டேன். சைரன் போயிருக்கும்லா?"

"போயிருக்கும்."

"இன்னைக்கு ஞாத்துக்கெழம, கீழ ஆளு கெடக்கும். செத்த பாத்துக்கிடுங்க."

"பாத்துக்கிடுதேன்."

பார்த்தேன். ஐந்தாவது அட்டவணையில் 3 என்று விழுந்திருந்தது. ப்ரொசீஜர் அதை ஐம்பதோடு ஒப்பிட்டது. மூன்று ஐம்பதைவிடச் சின்னது. சைரன் ஊதவில்லை. அவள் எழுதியது மிகச் சரியாக வேலை செய்தது.

என் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. எல்லாம் கைவிட்டாலும் ஆள் அழுத்தி சைரனை ஊத வைக்க. அதுவும் நான் எழுதியதுதான். அழுத்துவதற்கு ஒரு விரல் போதும். ஆனால் நான் அழுத்திவிட்டால் சைரன் ஊதிவிடும், குறை ஒன்றும் வெளியே தெரியாது. மழை இறங்கிக் கீழே வரும், மற்ற நான்கு மானிகளில் ஒன்று பிடித்துவிடும், கொஞ்சம் தாமதமாக ஊதும், ஏன் தாமதம் என்ற கேள்வி வரும். எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான். மழை அன்று உச்சியை விட்டு இறங்கவில்லை. நான்கும் பூஜ்யத்தில் நின்றன. வெளியே ரோட்டில் வெயில். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டேன்.

நான் பொத்தானை அழுத்தவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அழுத்தினேன். டீயைக் குடித்து முடித்த பிறகு அழுத்தினேன்.

கரையில் நடந்ததைப் பிழைத்து வந்தவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியதை முதலில் பார்த்தவர் அண்ணாச்சிதான். மாறிய உடனே விசில் அடித்திருப்பார், அத்தனை வருஷப் பழக்கம் அது. அன்று மட்டும் திரும்பி சைரன் கம்பத்தைப் பார்த்திருக்கிறார். யாரோ "என்ன தாத்தா, வெள்ளமா?" என்று கேட்டதற்கு, "வெள்ளம்னா அது ஊதும்லா, எம்மவ போட்டது" என்று சொல்லி, இன்னும் கொஞ்ச நேரம் அண்ணாந்தே நின்றிருக்கிறார். அப்புறம்தான் விசில் ஊதி எல்லோரையும் விரட்டினார். அத்தனை பேரும் கரையேறிவிட்டார்கள். ஒரு பெண்ணுக்கு மட்டும் கால் பாறையிடுக்கில் சிக்கிக்கொண்டது. இறங்கி, அவளைத் தூக்கி மேலே எறிந்திருக்கிறார். மகளின் சைரனை நம்பி அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் கையில் இருந்திருந்தால் அவரும் ஏறியிருப்பார். சைரன் ஊதும்போது தடாகத்தில் யாரும் இல்லை. மறுநாள் காலையில் கீழே தடுப்பணையில் கிடைத்தார். விசில் கழுத்திலேயே இருந்தது.

அந்த அளவுக்காவது சைரன் ஊதியது என்னால்தான் என்று விஜயசங்கர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய ஆள் பழைய ஆள்தான் என்றார். நான் மறுக்கவில்லை.

துக்க வீட்டில் வேல்விழி அழவில்லை. சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் காதோடு பேசினாள்.

"நீங்க சொன்னத நான் யார்ட்டயும் சொல்லல சார். போலீஸ்லயும் சொல்லல. ஒங்களுக்கும் மறந்திருக்கும், அவரு மாறிட்டாருன்னு நெனச்சிருப்பீங்க. யானைக்கும் அடி சறுக்கும்லா. நான்தான் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும். சோம்பல்பட்டு விட்டுட்டேன். எங்க அப்பாவ நானே கொன்னுட்டேன் சார்."

அப்போது சொல்லியிருக்கலாம். அவள் தலையைத் தடவி, "இது யாருக்கும் வார தப்புதாம்மா" என்றேன். அவளைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில், அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

பதினாறு கழிந்த புதன்கிழமை தங்கத்தாய் மதினி தூக்குச்சட்டியில் சொதி கொடுத்துவிட்டிருந்தார். அண்ணாச்சி இருந்தால் என்னைப் பட்டினி போட்டிருக்க மாட்டாராம். சாப்பிட்டேன். வழக்கம்போல ருசியாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுத்தேன். பக்கத்தில் இன்னொரு பாய் இல்லை. உமாதேவி போனபோதுகூட நான் அப்படி அழவில்லை, மேடம். வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு கூடாது என்று. என் அண்ணாச்சியை எனக்குத் திரும்ப வேண்டும். அவர் "எம்மவ சைரன், எம்மவ சைரன்" என்று ஆயிரம் தடவை சொல்லட்டும், கேட்டுக்கொண்டிருப்பேன்.

வேல்விழி சாப்பிடுவதில்லை என்று மதினி சொன்னார். உங்கள் ஸ்டேஷனுக்குத் தானாகவே வந்து, என்னைப் பிடித்து உள்ளே வையுங்கள் என்று உட்கார்ந்தாள் என்றும் கேள்விப்பட்டேன். அவள் மேல் கவனக்குறைவு என்று ஒரு சொல்கூட எழுதிவிடாதீர்கள். அவள் கவனித்தாள், கேட்டாள், தெரிந்திருக்க வேண்டியவனிடம் கேட்டாள். நீங்கள் கேட்ட விளக்கத்தையும் முடித்துவிடுகிறேன். ட்ரிகருக்குள்ளேயே எழுதினாலும் ப்ரொசீஜரில் எழுதினாலும், அந்தப் பெருக்கல் வரி இருந்திருந்தால் சைரன் ஊதியிருக்கும். எது சிறந்த முறை என்பதற்கும் இந்தச் சாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தெரிந்தே பொய் சொல்லி அந்த வரியை எடுக்க வைத்தேன். தெரிந்தே அறுபது போட்டுச் சோதித்தேன். கரையில் யார் நிற்கிறார் என்று தெரிந்தே டீ குடித்தேன். சங்கிலிப்பாண்டி அண்ணாச்சியை நான் கொன்றேன்.

இதை வேல்விழிக்குப் படித்துக் காட்டுங்கள். முதலில் அழுவாள். அப்புறம் மனசு லேசாகிவிடும். அப்பாவைக் கொன்றது தான் இல்லை என்று தெரிந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன குறை? எப்படியும் சாயங்காலத்துக்குள் என்னைப் பார்க்க ஸ்டேஷனுக்கு வருவாள். வந்தால் வெளியே காக்க வைக்காமல் உள்ளே விடுங்கள், மேடம்.